ரோஜாவுக்கு அடியில் ஒரு குளம்

பொக்லைனின் இரும்புப் பல்லில் ஒரு மண்டை ஓடு மாட்டிக்கொண்டு வந்தது.

ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். கீழே குதித்தார்.

"மேடம்... நான்தான் அப்பவே சொன்னேனே... இந்தத் தோட்டம் சரியில்லன்னு..."

தோட்ட வடிவமைப்பாளர் குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

அரண்மனைக் காலத்துத் தோட்டம் அது. புதர் மண்டிக் கிடந்ததைப் பொதுப் பூங்காவாக்கும் பொறுப்பை நகராட்சி அவளிடம் தந்திருந்தது. நடைபாதைகள், பெரிய மரங்கள், நடுவில் தாமரைக் குளம்... எல்லாம் முன்பு இருந்தபடியே திரும்ப வரவேண்டும்.

அந்தக் குளத்தைத்தான் யாரோ மண் கொட்டி மூடி, மேலே ரோஜா நட்டிருந்தார்கள்.

தோட்டத்தை ஒட்டிய மாடி வீட்டில் வசித்த, ஊர் தனிக்கட்டை என்று சொன்ன பங்களாக்காரர், வேலை ஆரம்பித்த அன்றே கும்பிட்டார்.

"வேற எங்க வேணா தோண்டுங்கம்மா. குளத்தை மட்டும் விட்டுடுங்க."

அவள் விடவில்லை.

பட்டப்பகலில் ஒரு பெண் குரல் முனகலாய்ப் பாடுகிறது என்று ஆட்கள் பயந்தபோதும் சிரித்தாள்.

ஒரு மதியம் அவளுக்கே கேட்டது. அதன்பின் சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். குழியைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"பங்களாக்காரரோட சம்சாரமும் தம்பியும் பல வருஷம் முன்னாடி ஒரே நாள்ல காணாமப் போனாங்க. சேர்ந்து ஓடிட்டாங்கன்னு ஊரே சொல்லுச்சு."

"அப்ப இது... அந்தம்மாவா?" வடிவமைப்பாளர் கேட்டாள்.

குழிக்குள் குனிந்திருந்த போலீஸ் டாக்டர் நிமிர்ந்தார்.

"இல்ல. ஆம்பளை. இடுப்பெலும்பைப் பார்த்தாலே தெரியுது. பின்மண்டையில பலமான அடி."

"என் தம்பிதான்."

எல்லோரும் திரும்பினார்கள். பங்களாக்காரர்.

"நான்தான் அடிச்சேன். கூட்டிட்டுப் போங்க."

"உங்க சம்சாரம் எங்க?"

"தெரியாது."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

வீட்டுக் கதவு திறந்தது.

வெயிலே படாத வெளுத்த முகம். நரைத்த கூந்தல். கண் கூசி, நெற்றியில் கைவைத்தபடி ஒரு பெண் வெறுங்காலோடு நடந்து வந்தாள்.

ஓட்டுநர் பொக்லைனுக்குப் பின்னால் ஒளிந்தார்.

"அவரை விடுங்க. அடிச்சது நான்."

"மாடிக்குப் போம்மா..." பங்களாக்காரர் கெஞ்சினார்.

"போதுங்க." அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "இவர் வீட்ல இல்லாத நேரம்... அவன் என் ரூமுக்குள்ள வந்து தாழ்ப்பாள் போட்டான். கையில கிடைச்ச இஸ்திரிப் பெட்டியால அடிச்சேன். நான் ஜெயிலுக்குப் போயிடக் கூடாதுன்னு இவர் என்னை மாடியிலயே மறைச்சு வச்சார். பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன்னு ஊர் சிரிச்சதையும் தாங்கிக்கிட்டார்."

பங்களாக்காரர் அவள் கையைப் பற்றிக்கொண்டார்.

இந்தக் குளத்தைத் தோண்டாமலே இருந்திருக்கலாமோ என்று வடிவமைப்பாளர் முதல்முறையாக நினைத்தாள்.

கான்ஸ்டபிள் மெல்ல இன்ஸ்பெக்டரின் காதருகே வந்தார்.

"சார்... இவங்க ஓடிப்போன கேஸை அப்ப விசாரிச்சது யாரு?"

"நான்தான்யா. ஊர் ஊரா அலைஞ்சு தேடினேன்... இந்த மாடிப்படியை மட்டும்தான் ஏறல."