ஒரே நிறத்தில் இரண்டு ஒயர்

விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, புது ஃபிரிட்ஜ் மட்டும் ஓடவில்லை, தொட்டால் எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்கிறது என்று பாலாம்பாள் மாமி ஆள் அனுப்பியிருந்தாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவளுடைய புது வீட்டுக்கு ஒயரிங் செய்தவன் லாசரஸ். கேட்டதுமே டார்ச்சையும் கட்டிங் பிளேயரையும் பையில் போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் போனபோது கரண்ட் இல்லை. சுவரில் புதுச் சுண்ணாம்பு வாடை, எங்கோ சாம்பிராணிப் புகை, சமையலறைக் குழாய் விட்டு விட்டுச் சொட்டும் சத்தம், இருட்டுகிற மூலையில் ஆளுயரத்துக்கு நின்ற ஃபிரிட்ஜ். ஸ்டூலில் ஏறி, அதற்கு மேலே சுவரில் இருந்த ஒயர்ப் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தான்.

சிவப்பில் கரண்ட் வரும். பச்சை எர்த், ஃபிரிட்ஜின் உடம்பிலிருந்து மண்ணுக்குப் போவது. அவனுக்கு இரண்டும் காய்ந்த சேற்று நிறம். "சிவப்பு வெளிச்சத்தோட அலை நீளமானது, பச்சையோடது குட்டை. உன் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்" என்று கண் டாக்டர் சொன்னதை மனைவி செல்வமேரியைத் தவிர யாரிடமும் அவன் சொன்னதில்லை. தினமும் சிவப்பு ஒயருக்கு அவள்தான் வெள்ளை நூல் கட்டித் தருவாள். இந்த வீட்டு வேலையின்போது அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். கொத்தனாரைக் கேட்டிருக்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டு குத்துமதிப்பாக ஒயர்களை முடுக்கிவிட்டிருந்தான்.

மாறிப்போயிருக்கிறது. கரண்ட் ஃபிரிட்ஜின் உடம்புக்குப் போகிறது.

"ஏதாவது தெரியறதா, லாசரஸ்?"

"லூஸ் காண்டாக்ட் மாமி. அஞ்சு நிமிசத்துல முட்ச்சிடலாம்."

பொய்.

"மெதுவாப் பண்ணு. ஏழு மணிக்குத்தான் கரண்ட் வரும்."

அதற்குள் மாற்றிவிட்டால் ஈ காக்கைக்கும் தெரியாது.

"கார்த்தாலே எங்காத்துக்காரருக்குத்தான் சுருக்குன்னுது. நல்லவேளை, ரப்பர் செருப்பு போட்டுண்டிருந்தார். நீ பாரு, நான் ஃபிரிட்ஜைத் துடைச்சுடறேன்."

மாமி வந்தாள். வெறுங்கால். கையில் சொட்டுகிற ஈரத்துணி.

தொடாதீங்க என்று சொல்ல வேண்டும். ஏன் என்பாள். ஒயரிங்காரனுக்கு நிறம் தெரியாது என்றா சொல்வது? அவமானத்தில் முகம் சுட்டது. டார்ச்சைப் பெட்டிக்குள் திருப்பினான்.

துணி தகரத்தில் தேய்ந்தது. மேலே. கீழே. கைப்பிடி.

கூடத்து மின்விசிறி கிறீச்சிட்டது. ஏழுக்கு முன்பே விளக்கு எரிந்தது.

ஃபிரிட்ஜ் ஓடவில்லை. மாமி அண்ணாந்து அவனையே பார்த்தாள். இமை அசையவில்லை.

கையில் கட்டிங் பிளேயர் இருந்தது. மெயினை அணைக்க வாசலுக்கு ஓட நேரமில்லை, ஒன்றை வெட்டத்தான் நேரம். எதை?

இரண்டும் ஒரே நிறம்.

கீழே, மாமி கைப்பிடியை விடவில்லை.