பீப்பாயில் போட்ட மாலை

சுவா நகரின் லௌதலா விரிகுடாவில் கடல் விமானம் இறங்கிய காலையில், தரைவினி ஒரு தகரப் பெட்டியோடு செடிச் சோதனை அறைக்குள் வந்தாள். சுவா தாவரத் தோட்டத்துக்காக அவள் பப்பீத்தே என்ற தீவுத் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த விரல் நீள ஆர்க்கிட் செடி அதற்குள் இல்லை. ஈரப் பாசிதான் இருந்தது.

“புயல்ல மலையே சரிஞ்சு போச்சு. உயிரோட இருந்தது அது ஒண்ணுதான்,” என்றாள். அழவில்லை.

சோதகர் விலிகேசா பெட்டியை வாங்கிப் பார்த்தார். உதவியாளன் ஜக்நாராயணுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “பெட்டி விமானத்துல பின் சீட்டுக்கு அடியில இருந்துச்சு. அங்கயே சுத்துறது விமானப் பணியாள் கொரோய். அவன்தான் ஐயா!”

“எடுத்திருந்தா உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இங்க ஏன்டா நிக்கிறேன்?” என்றான் வாசலில் நின்ற கொரோய்.

“எல்லார் பையையும் நானே பிரிச்சுப் பாத்தேன். செடி இல்ல,” என்றார் விலிகேசா. “கொரோய், பப்பீத்தேயில மாலை போட்டாங்களா?”

“எல்லாருக்கும். விமானத்துல ஏறப் படகுல வரும்போதே கடல்ல வீசிட்டாங்க. வீசினாத்தான் ஊருக்குத் திரும்பி வருவோம்னு அவங்க வழக்கம். திஹோனின்னு ஒரு பயணி மட்டும் வீசல. ‘என்னய்யா, இனி ஊர்ப்பக்கம் தலைகாட்ட மாட்டியா’ன்னு கேட்டேன். அம்மா கட்டினதாம்.”

விலிகேசா திஹோனியை அழைத்துவரச் செய்தார். பப்பீத்தேயில் பிறந்த வெனிலா வியாபாரி. சுவாவுக்கு இதுதான் முதல் தடவை.

“உங்க கழுத்துலேர்ந்து மாலையைக் கழட்டினது நான்தான். விடாமப் பிடிச்சீங்க. பூ எல்லாம் கருகிக் கிடந்துச்சு. நடுவுல ரெண்டு இலை மட்டும் விறைப்பா, பச்சையா. பறிச்ச இலை மூணு நாள் பயணத்துல அப்படி நிக்காது. வேர் இருந்தாத்தான் நிக்கும். பாத்தேன். யோசிக்கல,” என்றார் விலிகேசா.

திஹோனி தரையைப் பார்த்தான். “ஹோட்டல்காரர் ஒருத்தர் அந்தச் செடியைக் கேட்டாரு. எடுத்து மாலைக்குள்ள செருகினேன். கழுத்துல கிடக்குற மாலையை எவன் பிடுங்குவான்னு நினைச்சேன். எங்க ஊர்ல அதைத் தொட மாட்டாங்க.”

“இங்க வர்ற மாலையெல்லாம் பூச்சிக்குப் பயந்து பீப்பாய்ல போட்டுக் கொளுத்திடுவோம்.”

ஜக்நாராயண் வெளியே ஓடினான்.

“கொளுத்தியாச்சா?” என்றாள் தரைவினி.

“ஆச்சு.”

“யாரு?”

“நான்தான்,” என்றார் விலிகேசா.

ஜக்நாராயண் கரி படிந்த கையோடு திரும்பினான். அதில் ஒரு துண்டுக் கம்பி. செடியின் தண்டில் தரைவினி சுற்றிய அடையாளக் கம்பி. அவள் அதை வாங்கிப் பாசியின் மேல் வைத்து, பெட்டியை மூடினாள்.

விலிகேசா கையை நீட்டினார்.

“பாசியையும் உள்ள விட முடியாதும்மா.”

அவள் பெட்டியைக் கொடுத்தாள்.