இரண்டாவது கையெழுத்து

முதுகில் ஒரு புண்கூட இல்லை.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான்கு வருடங்களாகப் படுத்த படுக்கையாகக் கிடக்கும் உடம்பில் இடுப்பெலும்பு துருத்தும் இடத்தில் ஒரு சிவப்பு, குதிகாலில் ஒரு கன்றல், தோள்பட்டையில் ஒரு பழைய தழும்பு என்று ஏதாவது ஒன்று இருந்தே தீரும். சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்த டீச்சரம்மாவின் முதுகோ, பவுடர் வாசனையோடு, குழந்தையின் முதுகைப் போல வழவழவென்று இருந்தது. சல்லடைக்கு அதுதான் உறுத்தியது.

சல்லடை என்பது அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். வீடுகளுக்கு ஆள் அனுப்பி நோயாளிகளைக் கவனிக்கும் நிறுவனங்களின் உரிமத்தைப் புதுப்பிக்கும் முன், அந்த வீடுகளுக்கே போய்ச் சோதித்து அறிக்கை கொடுப்பது அவள் வேலை. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று பெயர். ஒன்று தப்பியது. போன வருடம் ஒரு வீட்டில், பேப்பரெல்லாம் பளிச்சென்று இருக்கிறதே என்று, போர்வையை விலக்காமலே சரி என்று எழுதிவிட்டு வந்தாள். மூன்றாவது வாரம் அந்தப் பெரியவர் செத்துப் போனார். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி இருந்தது. அன்றிலிருந்து பளிச்சென்ற பேப்பரைப் பார்த்தால் அவள் முதலில் போர்வையைத்தான் விலக்குவாள்.

இந்த வீட்டுப் பேப்பரும் பளிச்சென்றுதான் இருந்தது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை டீச்சரம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஒரே ஆள் இழுத்துத் திருப்பினால் தோல் உரசிக் கிழியும் என்பதால், அடியில் விரித்த குறுக்குத் துணியை இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று பிடித்துத் தூக்குவதுதான் முறை. அதனால் ஒவ்வொரு வரிக்கும் எதிரே இரண்டு கட்டம், இரண்டு கையெழுத்து. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. நிறுவனம் கொடுத்த பட்டியலில் இந்த வீட்டுக்கு ஒரே ஆள்தான்: வீட்டோடு தங்கியிருக்கும் சிஸ்டர்.

இது பழைய திருட்டுத்தனம். ஒரே ஆள் பேனாவை மாற்றிப் பிடித்து இரண்டு கட்டத்திலும் கிறுக்குவார்கள். சல்லடை அதை எத்தனையோ வீட்டில் பிடித்திருக்கிறாள். ஜன்னலோரம் போய், மேகம் மூடிய சாயங்கால வெளிச்சத்தில் தாளைச் சாய்த்துப் பார்த்தாள். இரண்டாவது கையெழுத்தின் மேல் மை இழுபட்டிருந்தது, எழுதிய கையே எழுதியதன் மேல் தேய்த்துக்கொண்டு போன மாதிரி. இடது கைக்காரர்களுக்குத்தான் அப்படி ஆகும். சிஸ்டரோ சற்று முன் வருகைப் பதிவில் வலது கையால் எழுதினாள்.

அப்படியென்றால் இன்னொரு ஆள் நிஜமாகவே இருக்கிறாள். பட்டியலில் இல்லாத, பயிற்சியும் இல்லாத யாரையோ ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

வீட்டைச் சலித்தாள். வாசலில் ஒரு ஜோடி செருப்பு. குளியலறையில் ஒரு பிரஷ். கூடத்தில் சுருட்டி வைத்த ஒரே பாய். அலமாரியைத் திறந்தாள், கட்டிலுக்கு அடியில் குனிந்தாள், சமையலறைக் கதவுக்குப் பின்னாலும் பார்த்தாள். யாரும் இல்லை. டீச்சரம்மாவின் அறையில் மட்டும், பவுடருக்கும் கிருமிநாசினிக்கும் அடியில், நெடுநாள் நனைந்த சுண்ணாம்பின் வாசனை அடித்தது. சுவரைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது.

நிறுவனத்து மேற்பார்வையாளருக்குப் போன் போட்டாள். ரெண்டாவது ஆள் யார் என்று கேட்டதும் அவர் சிரித்துவிட்டார்.

"ஒரு ஆளை அனுப்பறதுக்கே நாக்கு தள்ளுது மேடம். ரெண்டாவது ஆளை நான் கனவுலதான் அனுப்பணும்."

வெளியூரில் இருக்கும் டீச்சரம்மாவின் மகளுக்குப் போட்டாள். அந்தப் பெண், ரெண்டு பேரும் அம்மாவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று குறைவே இல்லாமல் பேசினாள். ரெண்டு பேர் என்று எப்படித் தெரியும் என்று சல்லடை கேட்டாள்.

"வீடியோவுல பேசறப்ப போன் சிஸ்டர் கையில இருக்கும். அம்மா தலை நிமிர்ந்து என்னையே பாத்துட்டு இருக்கும். அம்மாவால தானா தலையத் தூக்க முடியாதே மேடம். இன்னொருத்தங்கதானே பின்னால இருந்து பிடிக்கணும்?"

"அவங்களை நீங்க பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை என்றாள் மகள். இத்தனை நாள் கேட்கத் தோன்றவே இல்லை என்றும் சொன்னாள். அவள் குரல் இறங்கியிருந்தது.

மணி நாலு. திருப்ப வேண்டிய நேரம்.

சிஸ்டர் அறை வாசற்படியிலேயே நின்றாள். நாற்பது வயதிருக்கும், ஒடிசலான உடம்பு. மேடம் கூடத்தில் உட்கார்ந்தால் தான் முடித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னாள். சல்லடை நாற்காலியை இழுத்துக் கட்டிலின் கால்மாட்டில் போட்டு உட்கார்ந்தாள்.

"என் முன்னாடியே திருப்புங்க. அது சரி, கட்டிலை ஏன் சுவரோட ஒட்டிப் போட்டிருக்கீங்க? அந்தப் பக்கம் ஒரு ஆள் நிக்க வேணாமா?"

"இடம் விட்டுத்தான் போட்டிருந்தேன் மேடம். காலைல எந்திரிச்சுப் பாத்தா ஒட்டியிருக்கும்."

சல்லடைக்கு எரிச்சல் வந்தது. இந்த மாதிரிக் கதை கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது. சிஸ்டர் மேலே பேசவில்லை. கட்டிலின் இந்தப் பக்கம் வந்து, குறுக்குத் துணியின் ஓரத்தை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்தாள். சுவரைப் பார்த்துத் தலையசைத்தாள், எதிரே ஆள் நிற்கிற மாதிரி.

"பிடிங்க அக்கா. ஒண்ணு. ரெண்டு. மூணு."

சுவர்ப் பக்கத்துத் துணி விறைத்தது.

தொய்ந்து கிடந்த ஓரம் முதலில் ஒரு கை அகலத்துக்குச் சுருண்டது. பிறகு நிமிர்ந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் நுழைய இடமில்லை, ஆனாலும் அந்த ஓரம் சிஸ்டரின் கை உயரத்துக்குச் சரிசமமாக எழும்பியது, டீச்சரம்மாவின் உடம்பு நோகாமல், உரசாமல், தண்ணீரில் மிதக்கிற இலை போல மெதுவாகப் புரண்டு இந்தப் பக்கம் திரும்பியது. துணி இறங்கியது. அதன் சுருக்கங்களைக்கூட எதுவோ நீவிவிட்டது.

சல்லடை நாற்காலியின் கையைப் பிடித்தபடி இருந்தாள். கம்பி ஏதாவது இருக்கும். சுருள் வைத்துத் தைத்திருப்பார்கள். எழுந்து போய்த் துணியை உதறினாள். வெறும் பருத்தித் துணி. சுவர்ப் பக்கத்து ஓரத்தில் நான்கு மடிப்பு. விரல் விரலாக. ஈரம்.

சிஸ்டர் தணிந்த குரலில் சொல்ல ஆரம்பித்தாள். வந்த புதிதில் இரண்டு கட்டத்திலும் நீயே போடு என்றுதான் சொல்லியனுப்பினார்களாம். இன்னொருத்தர் பெயரில் போட இவளுக்கு மனசு வரவில்லை. இரண்டாவது கட்டத்தைக் காலியாகவே விட்டாள். தனியாகத் தூக்க முடியாமல் மூச்சு வாங்கும்போது, பேச்சுத்துணைக்கு ஆகட்டுமே என்று, அக்கா பிடிங்க அக்கா என்று விளையாட்டாகச் சொல்லிக்கொள்வாளாம்.

"நான் வந்து ஒரு மாசம் இருக்கும் மேடம். ஒரு நாள் துணி லேசா இருந்துச்சு. தாளைப் பாத்தேன். காலியா விட்ட கட்டம் எல்லாமே ரொம்பியிருந்துச்சு."

"அப்பவே ஏன் வேலையை விட்டுப் போகலை?"

"நான் போனா, அது மட்டுந்தானே மேடம் இருக்கும் அம்மாகூட?"

சல்லடை ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். கால் மணி நேரத்தில் வருவதாகச் சொன்னார்கள். உண்மையோ பித்தலாட்டமோ, அறிக்கை பிறகு. இந்த அம்மாவை இன்றைக்கு இங்கே விட்டுவிட்டுப் போவதில்லை. இன்னொரு முதுகை அவளால் தாங்க முடியாது.

ஆனால் நோயாளியின் சம்மதம் வேண்டும். அதைத் தனியாகக் கேட்க வேண்டும், பராமரிக்கிறவர்கள் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. விதி. இருபது வருடமாகக் கடைப்பிடித்த விதி. சிஸ்டரை வாசலுக்கு அனுப்பினாள். கதவைச் சாத்தினாள். தாழ் போட்டாள்.

டீச்சரம்மாவின் முகம் இப்போது அவள் பக்கம் இருந்தது. பக்கவாதம் அவருக்குக் கண்களையும் இமைகளையும் மட்டுந்தான் மிச்சம் வைத்திருந்தது. ஒரு முறை மூடினால் ஆமாம், இரண்டு முறை மூடினால் இல்லை என்று கோப்பில் மருத்துவர் எழுதியிருந்தார்.

"டீச்சர், சிஸ்டர் உங்களை அடிக்கிறாங்களா?"

மூடித் திறந்தார். உடனே இன்னொரு முறை. இல்லை. குறித்துக்கொண்டாள்.

"இந்த ரூம்ல வேற யாராவது உங்களைத் தொடறாங்களா?"

மூடித் திறந்தார். கண் அவளையே பார்த்தது. சல்லடை பேனாவை வைக்கப் போனாள். அப்போது இமை மறுபடி இறங்கியது. மெதுவாக. இல்லை.

"பயமா இருக்கா?"

ஒரு முறை. இடைவெளி. பிறகு இன்னொன்று, அதே மெதுவில்.

இல்லை.

அவள் எழுதவில்லை. முதல் இமைப்பு சட்டென்று வந்தது. இரண்டாவது அப்படி இல்லை. இறங்கியது என்பதைவிட...

சுண்ணாம்பு வாசனை இப்போது கிட்டத்தில் அடித்தது.

மண்டியிட்டாள். முகத்துக்கு வெகு அருகில் குனிந்தாள். தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"டீச்சர். என்னோட வந்துடறீங்களா?"

இமை மூடியது. திறந்தது. சட்டென்று. கண் நிறையத் தண்ணீர்.

ஆமாம்.

காத்திருந்தாள்.

நெற்றியோரத்து நரைமுடி படிந்தது. அழுத்தி வாரியது போல. தலையணை, தலைக்குப் பின்னால், உள்வாங்கியது.

இடது இமையில் ஒரு குழி விழுந்தது. வட்டமாக. கட்டைவிரல் அளவு.

வலது இமையில் இன்னொன்று.

இரண்டு குழிகளும் கீழே இறங்கின. இமைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. மூடின. விலகவில்லை. அப்படியே பிடித்திருந்தன. அழுந்திய தோலுக்கு அடியில் கருவிழிகள் இரண்டும் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டே இருந்தன.