பானட்டில் இரண்டு தட்டு

“பாய் மாமா, வண்டி தண்ணி குடிச்சா அதுக்கு மூச்சு முட்டுமா?”

ஜோதிலட்சுமி அப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அப்பா துரைராஜோடு அவருடைய வாடகைக் காரில் ராயப்பேட்டைச் சந்திலிருந்த ஹனீஃபாவின் ஷெட்டுக்கு வந்திருந்தாள். பானட்டுக்குள் குனிந்திருந்த ஹனீஃபா சிரித்தார்.

“முட்டாது கண்ணு. டீசல்ல தண்ணி கலந்தா இந்த பில்டர் புடிச்சி வெச்சிக்கும். இஞ்சினுக்குள்ள வுடாது.”

சொன்னபோது அவர் கையிலிருந்தது பழைய பில்டர். டீசலில் அலசி, காற்றடித்து, அதையே திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். புயல் எச்சரிக்கையால் கடைகள் மூடிக்கிடந்தன, புதியது கிடைக்கவில்லை. துரைராஜுக்குச் சவாரி காத்திருந்தது. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணி, “புதுசு போட்டாச்சு நைனா, தைரியமா போ” என்று அனுப்பிவைத்தார். சின்னப் பொய்தான். யாருக்கும் வலிக்காத பொய் என்றுதான் அப்போது தோன்றியது.

அது நடந்து மூன்று வருடமாகிறது.

இன்று சாயங்காலம் அதே காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள், துரைராஜின் மனைவி தாயம்மாவும் அவள் தம்பி செம்பியனும். செம்பியன் பானட்டைத் தட்டிக்காட்டினான். “நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடிகீது பாய். இது கார் இல்ல, கிழவி. எத்தினி பல்லு மிச்சம் கீதுன்னு பாரு.”

தாயம்மா சிரிக்கவில்லை. “நாளிக்கு காலைல இவனுக்கு ஸ்கூல் சவாரி பேசிகீறோம் பாய். இதுவும் ஓடலன்னா இரும்புக் கடைக்குத்தான் போவும். எங்க பொழப்பும் அதோட போச்சி. பில்டர மட்டும் மாத்த வேணாம். அன்னிக்கு அந்த மனுசன் சொல்லிட்டுத்தான் போச்சி, பாய் புதுசு போட்டுட்டாருன்னு. வேற இன்னா கீதுன்னு பாரு.”

ஹனீஃபாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கிளம்பும்போது அவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். “இன்னொண்ணு பாய். மூணு வருசமா தகரக் கூரைக்கு கீழதான் நின்னுச்சி. கோடை வெயில்ல கூட அந்த டிரைவர் சீட்டு மட்டும் காயவே இல்ல.”

அவர்கள் போனபின் மழை வலுத்தது. பள்ளிவாசலில் மக்ரிப் தொழுகை முடிந்து ஆட்கள் செருப்புச் சத்தத்தோடு கலைந்தார்கள். எதிரிலிருந்த டீக்கடை ஷட்டரை இறக்கியது. பிறகு மின்சாரமும் போனது. ஹனீஃபா எமர்ஜென்சி விளக்கைக் கொக்கியில் மாட்டினார். அது காற்றில் மெல்ல ஆட, காரின் நிழல் சுவரில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது, தண்ணீரில் மிதக்கிற பொருளைப்போல. பேட்டரியைக் கழற்றித் தரையில் ஓரமாக வைத்தார். பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தார். புயல் ஓய்ந்ததும் அவர் வாங்கிய பில்டர். பிரிக்காமலே இருந்தது. அதன் மேல் மூன்று வருடத் தூசி.

துரைராஜ் கிளம்பிப்போன அன்றிரவு வந்த தொலைபேசி அழைப்பை அவர் மறந்த நாள் இல்லை.

“பாய், வேளச்சேரில மாட்டிகினேன். ஏரி ஒடச்சிகினு தண்ணி கதவு வரிக்கும் வந்துடுச்சி. சவாரிய ஒரு மாடில ஏத்தி வுட்டுட்டேன். வண்டி இழுக்க மாட்டேங்குது. பில்டர் அடைச்சிகினு இருக்குமா?”

ஆமாம், பழசுதான், வண்டியை விட்டுவிட்டு ஓடு. அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் நாக்கைப் பிடித்தது. “புதுசாச்சே நைனா. டீசல் லைன்ல ஏர் புடிச்சிகினு இருக்கும். எறங்காத. உள்ளயே உக்காந்து செல்ஃப் அடிச்சிகினே இரு.”

மறுநாள் தண்ணீர் வடிந்தபோது துரைராஜ் உள்ளேதான் இருந்தான். விரல்கள் சாவியைப் பிடித்தபடியே விறைத்திருந்தன.

“பிஸ்மில்லா” என்று சொல்லி, ஹனீஃபா பில்டரின் அடிக்கிண்ணத்தைத் தளர்த்தினார். டீசல் வாசனை வரவில்லை. ஏரிச்சேற்றின் வாசனை வந்தது, வெங்காயத்தாமரை அழுகிய வாசனை. கீழே வைத்த டப்பாவில் தண்ணீர் சொட்டியது. பிறகு ஒழுகியது. ஒரு கையளவு தண்ணீர் கொள்கிற கிண்ணம் அது. டப்பா நிறைந்தது. இன்னொரு டப்பா வைத்தார். அதுவும் நிறைந்தது. தண்ணீர் அப்போதுதான் எங்கிருந்தோ முகந்ததைப் போலச் சில்லென்றிருந்தது.

பழைய பில்டரை உருவிப் போட்டார். புதியதை மாட்டி இறுக்கினார். ஒழுகல் நின்றது.

இனி டீசல் குழாயிலிருந்து கைப்பம்பால் காற்றை வெளியேற்ற வேண்டும். பானட் தூக்கியிருக்கும்போது பம்பை அழுத்துகிறவரும் உள்ளே சாவி திருப்புகிறவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. அதனால் அவருக்கும் துரைராஜுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு தட்டு தட்டினால், சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடி. ஒரு தட்டு என்றால், போதும்.

ஹனீஃபா கைப்பம்பை அழுத்தினார். நுரை வந்தது. குமிழி வந்தது. மீண்டும் அழுத்தினார். கடைசியில் சுத்தமான டீசல் மெல்லிய கோடாக வழிந்தது. காற்றுப் போகத் தளர்த்தியிருந்த ஸ்க்ரூவை இறுக்கினார். முப்பது வருடப் பழக்கம். யோசிக்காமல், பானட்டின் விளிம்பில் தட்டினார்.

டக். டக்.

செல்ஃப் அடித்தது.

கர்ர்... கர்ர்... கர்ர்...

ஹனீஃபா பையைத் தொட்டார். சாவி இருந்தது. மெல்லத் தலையைத் திருப்பினார். பேட்டரி தரையில் இருந்தது. அதற்கு ஒரு வயரும் இல்லை.

கர்ர்... கர்ர்...

ஓடிவிடலாம். ஷட்டர் பத்தடியில் இருந்தது. அவர் ஓடவில்லை. உள்ளே இருப்பவன் விடாமல் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தான், சொன்ன சொல் தட்டாமல். அடிச்சிகினே இரு என்று சொன்னது யார்? நிறுத்து என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று வருடமாக யாருமே சொல்லவில்லை.

இஞ்சின் பற்றிக்கொண்டது. ஒரு குலுங்கல், ஒரு கரும்புகை, பிறகு சீரான ஓட்டம். நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி புதிது போல ஓடியது. ஆனால் செல்ஃப் நிற்கவில்லை. ஓடுகிற இஞ்சினுக்கு மேல் அது பல்லைக் கடிப்பதுபோல் தேய்ந்துகொண்டே இருந்தது.

ஹனீஃபா பானட்டை இறக்கினார்.

கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் நின்றது. மேற்கூரை வரை. மண் நிறத்தில். கதவிடுக்கில் ஒரு சொட்டும் கசியவில்லை. விளக்கு ஆடியபோது அதற்குள் ஒரு சட்டைக் கை மெல்ல அசைந்தது.

அவர் வாய் தானாக ஓதிக்கொண்டிருந்தது. கை பானட்டின்மேல் உயர்ந்தது.

டக்.

ஒரே ஒரு தட்டு.

செல்ஃப் நின்றது.

“போதும் நைனா.” குரல் அவருடையது போலவே இல்லை. “நான் மாட்டுனது பழசு. உங்கிட்ட பொய் சொல்லிட்டேன். இப்போ புதுசு போட்டுட்டேன். போதும் துரை. எறங்கு.”

கதவு திறக்கவில்லை.

அன்றைக்கு அந்தக் கதவை வெளியிலிருந்து திறக்க யாரும் இருக்கவில்லை. ஹனீஃபா ஒவ்வோர் அடியாக நடந்தார். கைப்பிடியைப் பற்றினார். கண்ணை மூடிக்கொண்டார். இழுத்தார்.

ஏரி முழுவதும் அவர் கால்மேல் கொட்டியது. முழங்கால் வரை குளிர். சேறு. பாசி. அவர் விழவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை. வண்டியிலிருந்து இறங்குகிற மனிதனுக்குக் கொடுப்பதுபோல், வலது கையை உள்ளே நீட்டினார்.

நீட்டிய கையை ஒரு கை பிடித்தது.

ஊறிப்போன கை. தோல் வழுக்கியது. ஓர் ஆளின் முழுப்பாரமும் அவர் தோளில் இறங்கியது. ஈரத்தரையில் ஒரு கால் ஊன்றியது. பிறகு இன்னொரு கால். அவர் முகத்துக்கு நேரே, மிக அருகில், நீண்ட நேரம் அடக்கிவைத்திருந்த மூச்சொன்று வெளியேறியது.

மழை பெய்துகொண்டிருந்தது. சந்தில் ஆளில்லை. இஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கை இன்னும் விடவில்லை.