எல்லைக் கோட்டையின் மேற்கு வாசல்

ரிஷானி சுவரைத் தொட்டாள். விரலில் சாந்து ஒட்டியது.

ஒட்டியிருக்கக் கூடாது. ஜூரா மலைமுகட்டில், சுவிஸுக்கும் பிரான்சுக்கும் நடுவே நின்ற அந்தச் சிறிய கோட்டை பலர் கைக்கு மாறியது. கிறிஸ்தவ ஆயர்கள், பிரபுக்கள், பிரெஞ்சுப் படை, கடைசியாகச் சுவிஸின் பேர்ண்காரர். பிடித்த ஒவ்வொருவனும் முந்தியவனுடைய வாசலைக் கல் வைத்து அடைத்துவிட்டு, தன் நாட்டைப் பார்த்தபடி புதிதாக ஒன்றை வெட்டினான். அவள் தொட்டது எப்போதோ அடைக்கப்பட்ட மேற்கு வாசல். அதன் சாந்து சற்றுமுன் பூசியதுபோல் இளஞ்சூடாக இருந்தது.

"மழை ஊறியிருக்கும்" என்றான் ஜதுஷன். கோட்டை யாருடையது என்று இரு பக்கத்து ஊர்களும் சண்டை பிடித்ததால், பழைய சுவர்களை அளந்து கொடுக்கப் புருஷனும் மனைவியுமாக வந்திருந்தார்கள். மத்தியானம்தான். ஆனால் மூடுபனி முற்றத்துக்குள் இறங்கி, பள்ளத்தாக்கில் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மாட்டு மணிகளை ஒவ்வொன்றாக விழுங்கி, நீற்றுச் சுண்ணாம்பின் காரமான வாசனையை மட்டும் மிச்சம் வைத்திருந்தது.

அப்போது கிழக்கு வாசலுக்கு வெளியே யாரோ ஜெர்மன்போல் ஒரு மொழியில் பேசினார்கள்.

"ஆர் அது? பழைய டொச் மாதிரிக் கிடக்கு" என்றாள் ரிஷானி.

"ஆற்றை ஆள், எந்தப் பக்கத்து ஆள் எண்டு கேக்கினம் போல. நீர் இதிலையே நில்லும், நான் பாத்திட்டு வாறன்."

"கெதியா வாங்கோ, ஜது."

அவன் பனிக்குள் போனான். "சுவிஸ்" என்று சிரித்தபடி சொன்னது கேட்டது. பிறகு அதே கேள்வி பிரெஞ்சில், வேறொரு குரலில். அவன் பதில் சொன்னான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

பிறகு சாந்து பூசும் அகப்பை கல்லில் உரசும் சத்தம்.

"ரிஷா, வெளியில வராதேயும்."

அவனுடைய குரல்தான். ஆனால் அவன் போன கிழக்குப் பக்கத்திலிருந்து வரவில்லை. அடைத்த மேற்கு வாசலுக்குள்ளிருந்து வந்தது.

அவள் கிழக்கே ஓடினாள். வாசலில் வாசல் இல்லை. ஈரக் கல். மேலிருந்து கீழ்வரை ஈரக் கல். கைத்தொலைபேசி அழைக்க மறுத்தது. திரும்ப மேற்கே ஓடி, நகம் பிய்யும்வரை சாந்தைத் தோண்டினாள்.

"விடுங்கோ அவரை. பிரான்ஸ் ஆள். பிரான்ஸ் எண்டு எழுதுங்கோ."

உள்ளே ஒரு கல் வைக்கும் ஓசை.

"பேர்ண்."

இன்னொரு கல்.

"ஆயற்றை ஆள். ஆற்றை எண்டாலும். கடவுளே, ஆற்றை எண்டாலும்."

இன்னொன்று. ஜதுஷனின் மூச்சு, வாயில் மண் நிரம்பியவனுடைய மூச்சாக மாறியது. சாந்து அவளுடைய நகக்கண்களை எரித்தது. அவள் நெற்றியைக் கல்லில் வைத்து, அவன் பேரைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பிடரியில் குளிர் பட்டது. தமிழில், நல்ல யாழ்ப்பாணத் தமிழில், மெல்லிய ஒரு குரல்.

"நீ ஆற்றை ஆள்?"

பள்ளியில் கேட்டார்கள். வேலையில் கேட்டார்கள். சுவிஸின் சிவப்புப் பாஸ்போர்ட்டை நீட்டிய பிறகும் கேட்டார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொன்றைச் சொல்லித் தப்பியிருந்தாள்.

"தெரியேல்லை" என்றாள்.

உரசல் நின்றது.

மேற்கு வாசலின் கற்கள் தாமாகவே சரிந்தன. பிரெஞ்சுப் பக்கத்துப் பள்ளத்தாக்கு தெரிந்தது. வெயில். ஒரு பச்சை வயல். அவள் முழந்தாளில் ஊர்ந்து முன்னே போனாள். விட்டுவிட்டார்கள். விட்டுவிட்டார்கள்.

பிறகு பக்கச் சுவரைப் பார்த்தாள்.

சுவரின் கனத்துக்குள் அவர்கள் நின்றார்கள். வரிசையாக, தோளோடு தோள், கழுத்துவரை கல், வாயில் சாந்து. பாதிப் பேர் கிழக்கே பார்த்தார்கள், பாதிப் பேர் மேற்கே. கடைசியில் ஜதுஷன். அவனுடைய கண்கள் மட்டும் அசைந்தன. அவளைப் பார்த்தன. வேண்டாம் என்றன.

அவனுக்குப் பக்கத்தில், அவளுடைய உயரத்துக்கு, கல் வைக்காமல் ஓர் இடம் விட்டிருந்தது.