மொட்டையான தாய்ச்செடி

காலையில் கதவைத் தட்டிய நாற்றுப்பண்ணைக்காரர் செருப்பைக் கழற்றவும் மறந்து உள்ளே வந்து, கையிலிருந்த தொட்டியைக் கூடத்து மேசையில் வைத்தார். தொட்டியில் செடி என்று சொல்ல ஒன்றும் இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு குச்சி, அதில் அங்கங்கே அறுபட்ட முனைகள், அவ்வளவுதான்.

“நேத்து காலையில இது செடி சார். சாம்பல் நிறத்துல பூக்குற செம்பருத்தி. எங்கிட்ட இருக்கிற ஒரே தாய்ச்செடி. இதுலருந்துதான் நான் நாத்து எடுக்கணும். உங்க மருமக கூட்டம் வந்துட்டுப் போறதுக்குள்ள இப்படி நிக்குது.”

வீட்டுப் பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஓய்வு பெறும்வரை இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த கடைகளையும் காணாமல்போன சரக்கையும் ஆராய்ந்தவர். செடி என்றால் பச்சையாக இருக்கும் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. இருந்தாலும் தெருவில் எது தொலைந்தாலும் அவரிடம்தான் வருவார்கள். அவருக்குக் கையாள் அவருடைய மருமகள். துப்பு என்று காதில் விழுந்தால் அடுப்பில் பால் பொங்குவதைக்கூட மறந்துவிட்டு ஓடி வருவாள்.

இன்று அவள் சமையலறை வாசலைவிட்டு நகரவில்லை. உள்ளே ஜன்னலோரம், ஒரு டம்ளர் தண்ணீரில், அந்தச் செம்பருத்தியின் கொப்பு ஒன்று நின்றுகொண்டிருந்தது.

ஒன்றே ஒன்றுதான். கேட்டு வாங்கிய கொப்பு வேர் பிடிக்காது, கேட்காமல் கிள்ளியதுதான் பிடிக்கும் என்பது செடி வளர்ப்பவர்களின் நம்பிக்கை. அவள் கிள்ளியபோது செடி புசுபுசுவென்று இருந்தது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அப்படியானால் மிச்சத்தை யார் கொண்டுபோனது? இரவெல்லாம் யோசித்தும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்தத் திருடனை நினைத்து உண்மையாகவே ஆத்திரம் வந்தது. அவன் மாட்டினால் தானும் மாட்டுவோமே என்று பயமாகவும் இருந்தது.

“யார் மேல சந்தேகம்?” என்று கேட்டார் பெரியவர்.

“சந்தேகம் என்ன சார், அந்த நர்ஸம்மாதான். கிளை வெட்டுற கவாத்துக் கத்தரி வெச்சிருந்தது அவங்க மட்டும்தான். கடைசியா அந்தப் பக்கம் போனதும் அவங்கதான். போயிட்டு வந்து, செடி மொட்டையா நிக்குதுன்னு ஒண்ணும் தெரியாத மாதிரி சொல்றாங்க. அங்கேயே பையைக் கொட்டிப் பார்த்தேன், ஒண்ணும் இல்ல. எங்கயோ ஒளிச்சிட்டாங்க. அவங்க வேலை பாக்குற ஆஸ்பத்திரிக்கே போய்ப் பெரிய டாக்டர்கிட்ட சொல்லப் போறேன்.”

மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நர்ஸம்மா அவளுக்கு அக்கா மாதிரி. திருட்டுப் பட்டத்தோடு எந்த ஆஸ்பத்திரி அவளை வைத்துக்கொள்ளும்?

“சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. தொட்டி இங்கேயே இருக்கட்டும்,” என்றார் பெரியவர்.

பண்ணைக்காரர் போனதும் அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குச்சியின் முன் உட்கார்ந்தார்.

“நேத்து நடந்ததைச் சொல்லும்மா.”

“அது மொத்த வியாபாரப் பண்ணை மாமா. நாத்தைத் தட்டு தட்டாத்தான் குடுப்பாங்க, ஒத்தச் செடி கெடையாது. அதான் சேர்ந்து போய் வாங்கிப் பிரிச்சுக்கிறோம். தட்டெல்லாம் வேன்ல ஏத்தினதும் கை பூரா மண்ணு. குழாய்ல கழுவிட்டு வந்தோம்.”

“எல்லாரும் சேர்ந்தா?”

“ஒவ்வொருத்தரா. குழாய் ஒரு மூலையில இருக்கு, பாதை ஒடுக்கம். இந்தச் செடி குழாய்க்குப் பக்கத்துலதான் இருந்துச்சு.”

“யார் யார் வந்தீங்க? யார்கிட்ட என்ன இருந்துச்சு?”

“ஹெட்மாஸ்டர் சார் பேனாக்கத்தி வெச்சிருந்தார், பென்சில் சீவ. டெய்லரக்கா கழுத்துல எப்பவும் நூல் வெட்டுற குட்டிக் கத்தரி தொங்கும். பேக்கரிக்காரர் வெறுங்கையாத்தான் வந்தார். அப்புறம் நர்ஸக்கா, நான்.”

“நர்ஸம்மா வெட்டின செடி ஏதாவது நான் பார்க்கணுமே.”

“நம்ம மாடி ரோஜாவைப் போன வாரம் அவங்கதான் வெட்டிவிட்டாங்க.”

பெரியவர் மாடிக்குப் போய் ரோஜாவின் ஒவ்வொரு முனையையும் பார்த்தார். இறங்கி வந்து காபி கேட்டார். மருமகள் சர்க்கரை போட மறந்து கொடுத்தாள். அவரும் அப்படியே குடித்துவிட்டார்.

மாலையில் எல்லோரும் கூடத்தில் கூடினார்கள். ஆளுக்கு ஆள் கொதித்தார்கள்.

“செடியை மொட்டையடிச்சவங்களைச் சும்மா விடக்கூடாது,” என்றார் ஹெட்மாஸ்டர்.

“கொஞ்சமாவது மனசாட்சி வேணாமா?” என்றாள் டெய்லர்.

மருமகளுக்கு இன்னும் குழம்பியது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாம் நிஜமான கோபம். யாரும் நடிப்பதாகவே தெரியவில்லை. நர்ஸம்மா மட்டும் மடியில் பையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். பேக்கரிக்காரர் அடிக்கடி தண்ணீர் குடித்தார்.

“நர்ஸம்மா வெட்டினா கணுவுக்கு மேல, சுத்தமா, ஒரே வெட்டு,” என்று நிதானமாக ஆரம்பித்தார் பெரியவர். “மாடியில இருக்கிற ரோஜா முழுக்க அப்படித்தான். இந்தக் குச்சியில அந்த மாதிரி ஒரு வெட்டுகூட இல்ல. இன்னொண்ணு, ஒரே ஆள் வெட்டியிருந்தா எல்லா முனையும் ஒரே மாதிரி இருக்கணும். இங்க ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. இது நீளமான சாய்வு. பென்சில் சீவிச் சீவிப் பழகின கை.”

ஹெட்மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

“இந்த ரெண்டும் குட்டிக் கத்தரியால கடிச்சுக் கடிச்சு வெட்டினது. இங்க பட்டை கீழ வரைக்கும் உரிஞ்சு வந்திருக்கு. கையில ஒண்ணும் இல்லாதவர் பிடிச்சு இழுத்தது.”

“அப்போ ஒரே திருடன் இல்லையா?” என்றார் பண்ணைக்காரர், ஒன்றும் விளங்காமல்.

“இல்ல. ஒவ்வொருத்தரும் தனியாப் போனாங்க. தான் எடுக்கிறது ஒரு கொப்புதானே, செடிக்கு என்ன ஆகிடும்னு நெனச்சாங்க. செடி மொட்டையானது தெரிஞ்சதும், மிச்சத்தை எவனோ பெரிய திருடன் கொண்டுபோயிட்டான்னு மனசாரக் கோபப்பட்டாங்க. அதனாலதான் யார் முகத்துலயும் கள்ளம் தெரியல.”

“நான் போனப்பவே பாதி காலி சார்,” என்று பேக்கரிக்காரர் முனகினார். “கவாத்துப் பண்ணிருக்காங்கன்னு நெனச்சேன்.”

“ஒண்ணு பிடிக்கலைன்னா இன்னொண்ணு இருக்கட்டும்னுதான் ரெண்டா எடுத்தேன்,” என்றாள் டெய்லர், அழாக்குறையாக.

“இன்னும் ஒரு முனை இருக்கு,” என்றார் பெரியவர். “கட்டைவிரல் நகத்தால கிள்ளினது. அது யாருன்னு நான் சொல்ல மாட்டேன்.”

அவர் யாரையும் பார்க்கவில்லை. மருமகளுக்குக் காது இரண்டும் சுட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நான்தான் மாமா,” என்றாள்.

கொப்புகள் எல்லாம் வாடுவதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும் என்று பெரியவர் சொன்னார். வேர் விட்டால் ஒரு தாய்ச்செடிக்குப் பதில் பல தாய்ச்செடி. பண்ணைக்காரர் நர்ஸம்மாவின் முன் கைகூப்பி நின்று மன்னிப்புக் கேட்டார். ஆஸ்பத்திரிப் பக்கமே போகப்போவதில்லை என்றார். அவள் தலையசைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். மருமகள் பின்னாலேயே ஓடினாள்.

“அக்கா, நான் எடுத்தது ஒண்ணே ஒண்ணுதான். மிச்சம் எப்படிப் போச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா.”

“தெரியும். உள்ள எல்லாரும் அதைத்தானே சொன்னாங்க.” நர்ஸம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள். “அந்த ஆள் என் பையைத் தரையில கொட்டினப்ப நீ எம்பக்கத்துலதான் நின்ன. சீப்பு, மாத்திரை, டிபன் டப்பா எல்லாம் உருண்டு ஓடுச்சு. நானும் ஒண்ணு எடுத்தேன்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவர் கை நின்னிருக்கும்.”

“பயந்துட்டேன்கா.”

“நானுந்தான் பயந்தேன்,” என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா படியிறங்கிப் போனாள்.