தமயந்தியின் மணி

செவ்வாயின் தெற்குக் குடியிருப்பில் காலைச் சங்கு ஊதியதும், பல் துலக்குவதற்கு முன்பே ஆட்கள் காதின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். தோலுக்கடியில் மிளகளவு இணக்கமணி. யாராவது வேலை சொன்னால் அது லேசாகச் சூடேறும். மறுக்கும் எண்ணம் எழும்போதே கரைந்துவிடும். மூடிய கூரைக்குள் வாழ்கிறவர்கள் முறைவேலையை மறுத்தால் காற்று இயந்திரம் நின்றுவிடும் என்பது நிர்வாகத்தின் வாதம். இன்னும் சோதனைதான் என்றார்கள்.

இளமாறன் மணி வைத்துக்கொள்ளவில்லை. அவன் மனைவி தமயந்தி வைத்துக்கொண்டாள்.

ஆய்வகக் கதவு வணக்கம் சொன்னது. அவன் நேரே உள்ளே போனான். எரிப்பதற்கு முன் அவள் உடலிலிருந்து எடுத்துக் கொடுத்த மணியை மேசைமேல் வைத்தான்.

"கொன்னுட்டீங்க."

ஆய்வாளர் ரெஜினா நிமிர்ந்தாள். "உட்காருங்க."

"வேண்டாம். அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல், உடம்பு அனலா கொதிச்சுது. வெளியே போய்ச் சூரியத் தகட்டுல தூசி துடைக்கிறது என் முறை. எனக்கு அலுப்பா இருந்துச்சு. 'நீ போயிட்டு வா'ன்னேன். தலையாட்டிட்டுக் கவச உடையை மாட்டினா. வெளியே மயங்கி விழுந்தவளை யாரும் பார்க்கல." அவன் குரல் உயரவில்லை. "இந்த மணி இல்லேன்னா மாட்டேன்னு சொல்லியிருப்பா. அவ என்ன, சோதனை எலியா? வைக்கிறதுக்கு முன்னாடி அவளைக் கேட்டீங்களா?"

"கேட்டோம்."

"என்ன சொன்னா?"

"உங்களைத் திரும்பிப் பார்த்தாங்க. நீங்க தலையாட்டினீங்க. அதையே சம்மதம்னு எடுத்துக்கிட்டோம்."

"வெட்கமா இல்ல?"

"இருக்கு."

ரெஜினா மணியை இடுக்கியால் நசுக்கினாள். அது முட்டையோடுபோல் உடைந்தது. உள்ளே கம்பியில்லை, துளி உலோகமில்லை.

"பாதிப் பேருக்கு வெறும் கூடுதான் வைப்போம். நிஜ மணி வச்சவங்களோட ஒப்பிட்டுப் பார்க்கணும்ல."

அவன் உடைந்த கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப அவ ஏன் போனா?"

"அதுதான் எங்களுக்கும் சிக்கல். ஆம்பளைங்ககிட்ட வித்தியாசம் தெளிவா தெரியுது. கல்யாணமான பொம்பளைங்ககிட்ட நிஜ மணியும் வெறும் கூடும் ஒரே மாதிரி. சொன்னதும் தலையாட்டுறாங்க."

இளமாறன் மேசையை ஓங்கிக் குத்தினான். ஓட்டுத் துணுக்குகள் துள்ளித் தரையில் சிதறின.

"அந்தச் சோதனையை நிறுத்துங்க."

"நிறுத்தியாச்சு," என்றாள் ரெஜினா, குனிந்து துணுக்குகளைப் பொறுக்கியபடி. "மனைவிகளுக்கு மணி தேவையே இல்லைன்னு நிர்வாகம் முடிவு பண்ணிடுச்சு."